சந்தனப் பொட்டும் சம்ப் ஒழுக்கும்

சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். எல்லா ஒர்க்ஷாப்பிலும் வேலை முடிந்த வண்டிக்கு முன்பக்கம் பொட்டு வைக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் ஓர் ஆள் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஆயில் சம்ப்பின் வயிற்றில் பொட்டு வைக்கிறார்? மூன்று பேருக்கும் "அப்புறம் சொல்றேன்" என்றேன். மாதக் கடைசியோடு நான் இந்த இடத்தை விட்டு ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தப் போகிறேன். அதனால் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். இதில் என் மானமும் கொஞ்சம் போகும். பரவாயில்லை.

நான் இந்த முடிச்சூர் ரோடு ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துச் சரியாக நாற்பது நாள் ஆகியிருந்தது. அப்பா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதைப் பஸ் கண்டக்டர் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி என் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கவுண்டரில் உட்கார வைத்தார். வண்டி நம்பரை எழுதுவது, போனை எடுப்பது, வந்தவர்களுக்கு ஃபேன் போடுவது, இவைதான் என் வேலை. ஸ்பேனரைத் தொடவிட மாட்டார். ஆனால் ஒரே ஒரு மரியாதை கொடுத்தார்.

இங்கே எஞ்சினைத் திறந்து மூடிய வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டித்தான் வெளியே விடுவது. அந்தப் பொட்டை முதலாளி என்னை வைக்கச் சொன்னார்.

"படிச்ச கைம்மா. நெத்தியில நல்லா வை. கஞ்சத்தனம் பண்ணாத."

எஞ்சினுக்கு நெற்றி என்று அவர் சொன்னது மேலே இருக்கும் எண்ணெய் ஊற்றும் மூடியை. வட்டமாக, உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும். பொட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும். நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

அப்போது இந்த இடத்தின் தலைமை பிட்டர் ஏழுமலை அண்ணா. அவர்தான் எனக்கு "டிப்ளமோ" என்று பெயர் வைத்தவர். "டிப்ளமோ, டீ சொல்லு. டிப்ளமோ, போன் அடிக்குது பாரு." பழைய எஞ்சின் என்றால் ஊரப்பாக்கத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் சார்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட வயது கூடிய ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். அதன் சம்ப்பிலிருந்து எண்ணெய் ஒழுகியது. சம்ப் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கிற தகரத் தொட்டி. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் கார்க் பேக்கிங் கிழடாகிப் போனால் ஒழுகும். இது ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் செயலாளர், கார் நிறுத்தும் இடத்தில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார். ஒழுக்கு நிற்கும் வரை காரை ரோட்டில் நிறுத்து என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் சார் வாதாடவில்லை. தினமும் காலையில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரிப்பார். மறுநாள் எடுத்து, தேதியும் கிழமையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பார். வண்டியை இங்கே கொண்டுவந்தபோது அந்த அட்டைக் கட்டையும் என் மேஜையில் வைத்தார்.

"இது ரெக்கார்டும்மா. தொலைச்சுடாதே."

ஏழுமலை அண்ணா சம்ப்பை இறக்கி, சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் போட்டு மாட்டினார். வேலை முடிந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பூஜை வேண்டாம், வெள்ளிக்கிழமை வாங்க என்று முதலாளி வண்டியை அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தார். நான் பொட்டு வைத்தேன். நல்ல நேரம் வரும் வரை வண்டியை ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைத்து, பிறகு அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலை வண்டி திரும்பி வந்தது. கூடவே புது அட்டைகளும் வந்தன. ஒழுகுகிறது.

ஏழுமலை அண்ணாவுக்கு அவமானமாகிவிட்டது. சம்ப்பைத் திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றுக்கே தூக்கிப் போய், விளிம்பு கோணலாக இருக்கிறதா என்று பார்த்து, தட்டிச் சமமாக்கி வந்தார். இன்னொரு பேக்கிங் போட்டார். மூடியில் இருந்த பழைய சந்தனத்தை யாரும் துடைக்கவில்லை. சாமி பொட்டை யார் துடைப்பார்கள்? எண்ணெய் ஊற்றும்போது மூடியைப் பயபக்தியோடு கழற்றி, ஒரு சுத்தமான துணிமேல் வைத்து, அப்படியே திருப்பி மாட்டினார்கள். முதலாளி இந்தத் தடவை சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தார். நான் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு வைத்தேன்.

நான்கே நாளில் வந்துவிட்டது. முன்பைவிட அதிகமாக ஒழுகியது.

"கண்ணு பட்டிருக்கு. பழைய வண்டியை இவ்ளோ பளபளன்னு வெச்சிருந்தா படாதா?" என்றார் முதலாளி.

"கண்ணு படல முதலாளி. எங்கேயோ நான் கோட்டை விட்டுக்கினு இருக்கேன்" என்றார் ஏழுமலை அண்ணா.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மூன்றாவது தடவையும் அவரே செய்தார். முதலாளி பூசணிக்காய் சுற்றி உடைத்தார். நான் சந்தனத்தில் மஞ்சளைக் கலந்து, மூடி தெரியாத அளவுக்கு அப்பினேன். வண்டி வாசலைத் தாண்டிச் சிக்னல் வரை போய்விட்டு அப்படியே திரும்பி வந்தது. ரோடு நெடுகக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி எண்ணெய்ச் சொட்டு.

முதலாளி அன்று கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏழுமலை அண்ணாவின் டூல்ஸ் பெட்டிச் சாவியை வாங்கி என் மேஜையில் வைத்தார்.

"ஏழுமலை, நீ கொஞ்ச நாள் வாட்டர் வாஷ் பாரு. டிப்ளமோ, நீ எழுந்து வா. படிச்சதைக் காட்டு. இதுவும் ஒழுகுச்சுன்னா, நீ கவுண்டர விட்டு இந்தப் பக்கம் வரவே கூடாது."

பதினெட்டு வருஷம் பிட்டராக இருந்தவர் ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அவருக்காக வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டதும் என் கால் தரையிலேயே இல்லை.

போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கல்லூரி நோட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஏழுமலை அண்ணா தூரத்தில் ஒரு வேனைக் கழுவிக்கொண்டே, "டிப்ளமோ, போல்ட்டுக்குக் கேள்வித்தாள் குடுத்தியா?" என்று கேட்டார். நான் அடுத்த போல்ட்டை இறுக்கினேன். முடித்ததும் நன்றியில் இதுவரை வைக்காத அளவுக்குப் பெரிய பொட்டாக வைத்தேன். அதைப் பொட்டு என்று சொல்வதே தப்பு. அது பூச்சு வேலை.

அதுவும் ஒழுகியது. எல்லாவற்றையும்விடக் கேவலமாக ஒழுகியது. ஸ்டேஷன் மாஸ்டர் சார் அந்த வார அட்டைகளை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அவருடைய பெரியப்பா தவறிவிட்டார். பங்காளி தீட்டு. பதினாறு நாள் கடையில் விளக்கு இல்லை, சூடம் இல்லை. சாமி படத்துக்குத் திரை போட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் முதலாளி ஏழுமலை அண்ணாவிடம், "அந்த வெள்ளை வண்டியில பொட்டு கிட்டு இருந்தா கழுவிடுப்பா. தீட்டு நேரத்துல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் கழுவினார். நான் சம்ப்பை இறக்கி, ஐந்தாவது பேக்கிங்கைப் போட்டு மாட்டினேன். ஒரு மாற்றமும் செய்யவில்லை. அதே நோட்டு, அதே வரிசை, அதே இறுக்கம். பூஜை இல்லாமல், பொட்டு இல்லாமல், துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுபோல வண்டி கிளம்பிப் போனது.

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷன் மாஸ்டர் சார் வந்தார். ஏழு அட்டைகளை வரிசையாக மேஜையில் வைத்தார். ஒரு சொட்டு இல்லை.

"செயலாளர் நோட்டீஸைக் கிழிச்சுட்டான்மா. நீ கெட்டிக்காரி."

துக்க வீட்டிலிருந்து திரும்பியிருந்த முதலாளியும் அந்த நேரம் அங்கே இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு அவரிடம் மெதுவாகக் கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க. சகுனம் நல்லா ஒத்துவருது. உங்க பெரியப்பாவுக்கு இன்னும் தம்பி யாராச்சும் இருக்காங்களா?"

முதலாளி தப்பாக நினைக்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "இன்னொரு சித்தப்பா இருக்காரு. ஆனா நல்லா இருக்காரு" என்றார்.

கடையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். படித்த பெண் செய்தாள், நின்றுவிட்டது. தீட்டு கழிகிற பதினேழாம் நாள் வண்டியை வரவழைத்து, விட்டுப்போன பூஜையைச் சேர்த்துச் செய்து, எல்லோர் முன்னாலும் டூல்ஸ் பெட்டியை எனக்கே கொடுப்பதாக முதலாளி சொன்னார். அதற்குப் பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் சார் குடும்பத்தோடு அதே காரில் திருநீர்மலை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மார்க்கெட்டுக்கே சொன்னாள். மத்தி வாங்க வந்தவர்கள், நெத்திலி வாங்க வந்தவர்கள், சும்மா விலை கேட்டவர்கள், எல்லோருக்கும். "நாலு தபா ஒழுகின எண்ணெய எம்பொண்ணு நிறுத்திட்டா. பெரிய மேஸ்திரிய தண்ணி ஊத்த அனுப்பிட்டாங்க." நாலில் ஒன்று என்னுடையது என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் மதியம் கை கழுவப் போனபோது ஏழுமலை அண்ணா கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கடேசி தபா என்னா புச்சா பண்ண, டிப்ளமோ?"

"ஒண்ணும் புதுசா இல்லண்ணா. முன்னாடி பண்ண மாதிரிதான்."

"அதே பண்ணா அதே தான ஆவணும்? இன்னாத்துக்கு மாறுச்சு?"

சொல்லிவிட்டு அவர் வேனைக் கழுவப் போய்விட்டார். நான் சாப்பிடாமல் நேராக என் மேஜைக்குப் போனேன்.

மேஜைக்கு அடியிலிருந்த அட்டைகளை எல்லாம் எடுத்துத் தேதி வாரியாகத் தரையில் பரப்பினேன். அந்த மனிதரின் கையெழுத்துக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன். முதல் பேக்கிங் போட்ட செவ்வாய்: சுத்தம். புதன்: சுத்தம். வியாழன்: சுத்தம். வெள்ளி, பூஜை. சனிக்கிழமை அட்டையில் எண்ணெய்.

ஏழுமலை அண்ணா போட்ட பேக்கிங் மூன்று நாள் நின்றிருக்கிறது. நான் பொட்டு வைத்த பிறகுதான் ஒழுகியிருக்கிறது.

வாட்டர் வாஷுக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு அந்த மூடியக் கழுவினீங்களா?"

"கழுவினேனாவா? காஞ்ச சிமெண்டு மாதிரி ஒட்டிக்கினு இருந்துச்சு. சுத்தி இருக்கற ஓட்டையில எல்லாம் ஆணி வுட்டு நோண்டி எடுத்தேன். பேஜாரு புடிச்ச வேல. யாரு வெச்ச பொட்டு?"

எஞ்சின் ஓடும்போது உள்ளே காற்று சேர்ந்து அழுத்தம் ஏறும். அது வெளியே போக வேண்டும். இப்போதைய வண்டிகளில் அதற்குத் தனிக் குழாய் இருக்கிறது. அதனால் எத்தனையோ வண்டிகளின் மூடியில் நான் சந்தனம் அப்பியும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழைய எஞ்சினுக்கு வழியே அந்த மூடியைச் சுற்றியிருந்த ஓட்டைகள்தான். அதை அடைத்தால் காற்று வேறு இடம் தேடும். கீழே சம்ப் பேக்கிங்கைத் தள்ளிக்கொண்டு, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஒழுக்கை நிறுத்தியது தண்டனைக்குப் போன ஆள். ஒழுக வைத்தது சாவியைப் பையில் வைத்திருந்த ஆள்.

அன்று அவரிடம் சொல்லவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். "சும்மாதாண்ணா கேட்டேன்" என்று வந்துவிட்டேன். கேளம்பாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். நாளைக்குப் பொட்டை ரேடியேட்டரில் வைத்துவிட்டால் போதும். வண்டி ஒழுகாது. பெட்டி என்னுடையது. யாருக்கும் தெரியாது. அம்மா மார்க்கெட்டில் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோவளம் வருவதற்குள் அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எல்லோரும் குளித்துத் திருநீறு வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சாமி படத்தின் திரையை எடுத்தாயிற்று. வெள்ளைக் காருக்கு மாலை. ஸ்டேஷன் மாஸ்டர் சாரின் மனைவி பட்டுப் புடவையில் பின் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அண்ணா ஈரக் கால்சட்டையோடு ஓரமாக நின்றார். நான் சந்தனக் கிண்ணத்தோடு போய், ரேடியேட்டர் மேல் விரலை வைத்தேன்.

"அங்க எங்க வைக்கிற? நெத்தியில வை" என்றார் முதலாளி.

"இங்கேயே இருக்கட்டும் சார். அழகா இருக்கு."

"நெத்தி இருக்கும்போது எவளாச்சும் தாடையில பொட்டு வைப்பாளா? வைம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை அண்ணாவும் சிரித்தார். கையில் அந்த ஹோஸ் பைப் இருந்தது. ஏனென்று தெரியவில்லை, அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி சார். ஆனா முதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

"பூஜைக்கு முன்னாடியா?"

"ஒரு நிமிஷம் சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் சார் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓட ஆரம்பித்தது. நான் மூடியின் மேல், ஓட்டைகளை எல்லாம் மூடி, சந்தனத்தைக் கனமாக வைத்தேன். இத்தனை தடவையும் நின்ற எஞ்சினில் வைத்து, காயவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறோம். ஈரச் சந்தனத்தோடு எஞ்சின் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை.

சந்தனம் லேசாக உப்பியது. பிறகு ஒரு குமிழி வந்து உடைந்தது. இன்னொன்று. மூடியைச் சுற்றிலும் 'பொளக் பொளக்' என்று குமிழிகள். கொதிக்கிற கேழ்வரகுக் கூழ் மாதிரி பொட்டு கொதித்தது.

முதலாளி கையைக் கூப்பினார். "சாமி வந்திருக்கு" என்றார். பின் சீட்டிலிருந்த சாரின் மனைவி இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ சூடம் ஏற்றினார்கள். எனக்கு முன்னால் எட்டுப் பேர் ஒரு எண்ணெய் மூடியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பெட்டி மட்டும் இல்லை, எனக்கே ஒரு மாலை விழுந்திருக்கும்.

"சாமி இல்ல சார். அது மூச்சு விடுது. நாம நெத்தின்னு நினைச்சது அதோட மூக்கு."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தாமல் சொன்னேன். செவ்வாய், புதன், வியாழன் அட்டைகளைக் காட்டினேன். ஏழுமலை அண்ணாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். நாலு தடவையும் அடைத்தது என் விரல் என்றேன். ஆணி வைத்து நோண்டி ஒழுக்கை நிறுத்தியது அவர், நான் இல்லை என்றேன். சாவியை எடுத்து ரேடியேட்டர் மேல் வைத்தேன். குரல் நடுங்கியது. நடுங்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி மூடியருகே குனிந்து, அந்தக் குமிழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வை, கஞ்சத்தனம் பண்ணாதன்னு சொன்னது நான்தான?"

"ஆமா சார்."

"ஏழுமலை, பைப்பக் கீழ போடு. கைய தொடச்சுக்கினு வா. சாவிய எடுத்துக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பைப்ப எடுத்துக்கோ. வைக்கத் தெரிஞ்சா போதாது, கழுவவும் தெரியணும்."

மூடியைத் துடைத்தாயிற்று. அடுத்து ஒரு பிரச்சினை வந்தது. பொட்டு வைக்காமல் வண்டியை அனுப்ப முதலாளி ஒப்பவில்லை. எங்கே வைப்பது? ஏர் ஃபில்டர் என்றார். அதுவும் மூச்சு விடுகிற இடம் என்றேன். ரேடியேட்டர் என்றார். நான் திருட்டுத்தனமாக வைக்கப் பார்த்த இடம், எனக்கே கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்றேன். பேட்டரி என்றார். ஈரம் ஆகாது என்றேன். "அப்ப சாமிக்கு இந்த வண்டியில எடமே இல்லையா?" என்று முதலாளி கத்தினார்.

ஏழுமலை அண்ணா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். துவைத்த சட்டையோடு வந்திருந்தவர், அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அடியிலிருந்து குரல் வந்தது.

"இவ்ளோ நாள் பழியத் தூக்கிக்கினு இருந்தது இதுதான முதலாளி? இதுக்கு வெச்சுட்டேன்."

அன்றிலிருந்து இங்கே பொட்டு சம்ப்புக்குத்தான்.

நான் ஐந்து வாரம் வாட்டர் வாஷில் இருந்தேன். மார்க்கெட்டில் அம்மா புதுச் செய்தி சொல்லிவிட்டாள்: "எம்பொண்ணு இப்போ வண்டிங்கள குளிப்பாட்டறா. அதுக்கும் டிப்ளமோ வேணுமாம்." ஆறாவது வாரம் ஏழுமலை அண்ணா முதலாளியிடம் போய், "ஒரு பழைய வண்டி வந்துகீது. ஓட்டை எங்க எங்க கீதுன்னு நோண்டிப் பாக்க ஆள் வேணும், டிப்ளமோவ அனுப்புங்க" என்று கேட்டார். அப்போது எழுந்து வந்தவள்தான், இதுவரை கவுண்டர் பக்கம் போகவில்லை.

ஒரு வேலை திரும்பத் திரும்பத் தப்பாகப் போனால், வேலையைச் செய்தவரைப் பார்ப்பதற்கு முன்னால், வேலை முடிந்த பிறகு நல்ல மனதோடு யார் யார் கை வைத்தார்கள் என்று பாருங்கள். அதில் உங்கள் கையும் இருக்கலாம்.

நாளைக் காலை அந்தப் பழைய நீல நிற வேனுக்குப் பூஜை. உங்களில் ஒருவர் அடியில் படுக்க வேண்டும், பழைய சட்டையோடு வாருங்கள். அதற்கு முன்னால் மேலே உள்ள மூடியைக் கழற்றி வாயில் வைத்து, ஓட்டை வழியே காற்று போகிறதா என்று ஒரு தடவை ஊதிப் பாருங்கள். ஏழுமலை அண்ணா சிரிப்பார். சிரிக்கட்டும். ஊதுங்கள்.